சீட்டு எழுதி ஆறு வாரம், மாத்திரை இன்னும் வாங்கவில்லை

மழைக்குருவி

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். முதல் முறையாக எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்கு 8 வயது. மூன்று முறை போய் உட்கார்ந்தோம். எங்களிடம் ஒரு படிவம், வகுப்பாசிரியரிடம் ஒரு படிவம் வாங்கிப் பார்த்துவிட்டு ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காமல் அளவுக்கு மீறித் துறுதுறுக்கும் பிரச்சினை, என்றார் மருத்துவர். பெற்றோருக்கான பயிற்சியையும் முடித்துவிட்டோம். வீட்டில் கொஞ்சம் பலன் தெரிந்தது, பள்ளியில் தெரியவில்லை. அதனால் கவனம் நிற்க உதவும் மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரையை, குறைந்த அளவில் தொடங்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். ஆறு வாரம் ஆகிறது. சீட்டு என் கைப்பைக்குள் நான்காக மடிந்து கிடக்கிறது.

பக்கவிளைவுகளை அவர் பொறுமையாகச் சொன்னார். பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகலாம், எடை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் அவ்வப்போது பார்க்க வேண்டும். அதைக் கேட்டு எனக்குப் பெரிதாகப் பயம் வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது. "பிள்ளைக்குப் பைத்தியக்கார மாத்திரையா?" என்றார் மாமியார். கணவர், "நானும் இப்படித்தான் இருந்தேன், கெட்டா போய்விட்டேன்?" என்கிறார். என் அக்காவின் கவலை வேறு: விஷயம் வெளியே தெரிந்தால் அவனை எப்படிப் பார்ப்பார்கள்? இன்னொரு பக்கம் பள்ளியிலிருந்து வாரம் இரண்டு முறை அழைப்பு, "ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று.

வேண்டாம் என்பவர்களும் வேண்டும் என்பவர்களும் என் பிள்ளையைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்றே சந்தேகமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் இந்த முடிவை எடுத்தது யார்? அதை மட்டும் சொல்லுங்கள்.

நடைவண்டி

எங்கள் வீட்டில் முடிவெடுத்தவர் கணவரின் பெரியண்ணன். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. மருத்துவமும் படிக்கவில்லை. ஆனால் குரல் கனமானது.

ஒரு வருடம் கழித்து அவர் வெளிநாடு போனார். அடுத்த வாரமே மாத்திரை வாங்கினோம்.

மருந்துக்கட்டு

மழைக்குருவி, முதலில் ஒரு சின்ன விஷயம். ஆறு வாரம் ஆகிவிட்டது என்றால் அந்தச் சீட்டு செல்லுமா என்று விசாரியுங்கள். இது கட்டுப்பாட்டுக்குள் இருக்கிற மருந்து, பல நாடுகளில் சீட்டுக்குக் கெடு உண்டு. பிரிட்டனில் 28 நாள்தான்.

நான் மருந்தாளுநர், 19 வருடமாக மருந்து எடுத்துக்கொடுக்கிறேன். இந்த மாத்திரை வாங்க வருகிறவர்களைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். வரிசையில் இருக்கிற மற்றவர்கள் போகட்டும் என்று ஒதுங்கி நிற்பார்கள். சீட்டைத் தலைகீழாக நீட்டுவார்கள். பெயரைச் சத்தமாகப் படித்துவிடாதே என்று கண்ணாலேயே சொல்வார்கள். அதே மனிதர்கள் பிள்ளையின் ஆஸ்துமா மருந்தை வாங்கும்போது என்னோடு அரட்டை அடிப்பார்கள்.

நம் மொழியும் சும்மா இருக்கவில்லை. இந்த வகை மருந்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஊக்கமருந்து. அந்தச் சொல்லைக் கேட்டதும் பதக்கம் பறிபோன ஓட்டக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். இந்தத் தலைமுறை அந்தச் சொல்லை விளையாட்டுப் பக்கச் செய்தியில்தான் கற்றது. ஒரு தாத்தா என்னிடம் கேட்டே விட்டார்: "இவன் எந்தப் போட்டிக்கு ஓடப் போகிறான்?" சிரித்துவிட்டேன். பிறகு உட்கார வைத்து அரைமணி நேரம் பேசினேன்.

பழைய பேனா

கூட்டத்தில் ஒரு மாற்றுக்குரல் இருக்கட்டும். நான் மருந்துக்கு எதிரி அல்ல. ஆனால் மாமியார்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. சமூகம் 'வேண்டாம்' என்று மட்டுமா தள்ளுகிறது? 'வேண்டும்' என்றும் தள்ளுகிறது. அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை வைத்து 2012 இல் ஓர் ஆய்வு வந்தது. அங்கே வகுப்புச் சேர்க்கைக்கு டிசம்பர் 31 எல்லை. டிசம்பரில் பிறந்தவன்தான் வகுப்பிலேயே சின்னவன், ஜனவரியில் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். டிசம்பர் பையன்களுக்கு ஏடிஹெச்டி என்று சொல்லப்படுவது 30 சதவீதம் அதிகம், மருந்து கிடைப்பது 41 சதவீதம் அதிகம். பெண் குழந்தைகளில் இடைவெளி இன்னும் பெரிது: 70 சதவீதம், 77 சதவீதம். இதெல்லாம் மூளையின் கோளாறா, நாள்காட்டியின் கோளாறா? சின்னப் பிள்ளை சின்னப் பிள்ளையாக இருந்ததற்கு ஒரு பெயர் வைத்து மாத்திரையும் எழுதியிருக்கிறோம்.

இன்னொன்று. மருந்துக்கு ஆதரவாக எல்லோரும் காட்டுவது எம்டிஏ ஆய்வை, பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்து மருந்தையும் நடத்தைப் பயிற்சியையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு அது. 1999 இல் வந்தது, 579 குழந்தைகள், 14 மாதம். மருந்து ஜெயித்தது. ஆனால் மூன்றாம் வருடம் போய்ப் பார்த்தபோது குழுக்களுக்கு நடுவே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. அந்தப் பகுதியை ஏன் யாரும் சொல்வதில்லை?

பள்ளியிலிருந்து வாரம் இரண்டு முறை அழைக்கிறார்களாம். எனக்கு அதுதான் மாமியாரின் பேச்சைவிட ஆபத்தாகத் தெரிகிறது.

கணக்குவாத்தியார்

பழைய பேனா அவர்களே, என் தொழிலைத் தொட்டுவிட்டீர்கள், பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒப்புக்கொள்கிறேன். ஒரு தாயிடம் நானே ஒருமுறை, "மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமே" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லக்கூடாது. வகுப்பில் என்ன பார்த்தேன், எத்தனை முறை எழுந்தான், எந்தப் பாடத்தில் நின்றுபோனான் என்பது வரைதான் என் எல்லை. அமெரிக்காவில் 2004 இல் சிறப்புக்கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது இதைச் சட்டமாகவே எழுதினார்கள்: பிள்ளை வகுப்புக்கு வருவதற்கு நிபந்தனையாக இப்படிப்பட்ட மருந்தைக் கேட்கக்கூடாது. ஆசிரியர் கவனித்ததைப் பெற்றோரிடம் சொல்லலாம், அதற்குத் தடை இல்லை. சட்டம் போடுகிற அளவுக்கு வந்தது என்றால் எத்தனை பள்ளிகள் கேட்டிருக்க வேண்டும் என்று பாருங்கள்.

ஆனால் என் பக்கமும் ஒன்று உண்டு. ஒரு பையன் ஒரு நாளைக்கு முப்பது முறை தன் பெயரைத் திட்டாகக் கேட்கிறான். "உட்கார்", "வாயை மூடு", "உன்னால் முடியாதா?" வருடக் கடைசியில் அவன் கணக்கு கற்றிருக்க மாட்டான், தான் கெட்டவன் என்பதை மட்டும் நன்றாகக் கற்றிருப்பான். அதுவும் ஒரு பக்கவிளைவுதான். மருந்து கொடுக்காததன் பக்கவிளைவு. அது எந்தத் துண்டுச்சீட்டிலும் அச்சாகவில்லை.

சும்மா ஒரு தகவல்: 1930களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் தலைவலிக்காகச் சில குழந்தைகளுக்கு பென்செட்ரின் என்ற ஊக்கமருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சிலர் பாடத்தில் முன்னேறினார்கள், அதைப் பார்த்து 30 குழந்தைகளிடம் சோதித்தபோது கிட்டத்தட்ட பாதிப்பேர் திடீரென்று முன்னேறினார்கள். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தார்களாம். என் புனைபெயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இரவுப்பணி

குழந்தைகள் மனநலப் பிரிவில் செவிலியர் நான். பழைய பேனா சொன்ன இரண்டுமே உண்மை. ஆனால் இரண்டிலும் பாதி விடுபட்டிருக்கிறது.

எம்டிஏ ஆய்வில் 14 மாதத்துக்குப் பிறகு குழுக்கள் கலைந்துவிட்டன. மருந்து எடுத்தவர்களில் பலர் நிறுத்தினார்கள், எடுக்காதவர்களில் பலர் தொடங்கினார்கள், மாதாமாதம் நடந்த கண்காணிப்பும் நின்றது. அதற்குப் பிறகு வித்தியாசம் மறைந்ததை வைத்து மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்ல முடியாது. நீண்ட நாளைக்கு மருந்து மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. அதே ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொன்று: மருந்தோடு நடத்தைப் பயிற்சியும் சேர்த்துப் பெற்ற பிள்ளைகளுக்குக் குறைவான அளவே போதுமானதாக இருந்தது. பெற்றோருக்கும் பயிற்சி சேர்ந்த சிகிச்சையில்தான் திருப்தி அதிகம்.

பிறந்த மாத விஷயத்தில் எனக்கும் உங்கள் கவலைதான். நல்ல மருத்துவர் வகுப்பில் பிள்ளை எத்தனையாவது இளையவன் என்று கேட்பார். ஓரிடத்தில் மட்டும் அறிகுறி இருந்தால் முடிவு கட்ட மாட்டார், குறைந்தது இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். 4, 5 வயதுக் குழந்தை என்றால் பெற்றோர் பயிற்சிதான் முதலில் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. மழைக்குருவி இதையெல்லாம் தாண்டித்தான் வந்திருக்கிறார்.

வீட்டுப் பேச்சுக்கு வருகிறேன். "இனிப்பை நிறுத்து, சரியாகிவிடும்" என்று உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள். 1994 இல் ஒரு சோதனை செய்தார்கள். 5 முதல் 7 வயதுப் பையன்கள் 35 பேர். எல்லோருக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத பானம். பாதித் தாய்மாரிடம் மட்டும், உங்கள் மகனுக்குச் சர்க்கரை அதிகம் கொடுத்திருக்கிறோம் என்று பொய் சொன்னார்கள். அந்தத் தாய்மார் மகன் அதிகமாக ஆடுகிறான் என்று மதிப்பெண் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. மகனை ஒட்டியே நின்று, அதிகமாகக் குறை சொன்னார்கள். பையன் மாறவில்லை, பார்க்கிற கண்தான் மாறியது.

எங்கள் பிரிவில் தினமும் இதைத்தான் பார்க்கிறேன். வீட்டில் என்ன சொல்லி வைத்திருக்கிறார்களோ அதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. மருந்து விஷம் என்று நம்புகிற வீட்டில் பிள்ளை அமைதியாக இருந்தால், "பார், பொம்மை மாதிரி ஆகிவிட்டான்" என்பார்கள். மருந்து மந்திரம் என்று நம்புகிற வீட்டில் அவன் நிஜமாகவே பொம்மை மாதிரி ஆனாலும் கண்ணில் படாது. இரண்டாவது நடந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மட்டுறுத்துநர்

ஓர் உறுப்பினர் மில்லிகிராம் கணக்கோடு எழுதிய பதிவை நீக்கியிருக்கிறேன். மருந்தளவை மருத்துவரிடம் கேளுங்கள். மற்றது தொடரட்டும், நல்ல இழை.

தூரத்து அத்தை

நான் மாமியார் கட்சி. அடிக்க வராதீர்கள்.

வயது 67. பேரனுக்கு இதே பிரச்சினை வந்தபோது "பைத்தியக்கார மாத்திரை" என்று சொன்னதும் நான்தான். ஏன் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

என் மகன் சின்ன வயதில் இதைவிட மோசம். ஒரு நாள்கூட யாரும் வந்து குறை சொல்லாமல் பொழுது போனதில்லை. "பிள்ளையை வளர்க்கத் தெரியாதவள்" என்று என் காதுபடவே பேசினார்கள். அடித்தேன், அழுதேன், பக்கத்தில் உட்கார்ந்து இரவு பதினோரு மணி வரை எழுத வைத்தேன். அவன் படித்து வேலைக்குப் போனது என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே பட்டம். இப்போது மருமகள் ஒரு சின்ன மாத்திரையைக் காட்டி, இது மூளை சம்பந்தப்பட்டது, யார் வளர்ப்பிலும் தப்பில்லை என்கிறாள். அவளுக்கு அது ஆறுதல். எனக்கு எப்படிக் கேட்டது தெரியுமா? நீ பட்ட பாடெல்லாம் வீண், அடித்த அடியெல்லாம் அநியாயம் என்று கேட்டது.

அப்புறம் மருத்துவர், இது பரம்பரையாக வரும் என்றார். எல்லோரும் என் மகனைத் திரும்பிப் பார்த்தார்கள். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அங்கே நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், சொல்லுங்கள்.

மழைக்குருவி, உங்கள் மாமியாரிடம் மருந்தைப் பற்றிப் பேசாதீர்கள். உங்கள் கணவர் சின்ன வயதில் எப்படி இருந்தார் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நடுவில் குறுக்கிடாமல் உட்கார்ந்திருங்கள்.

இரண்டாமவன்

அத்தை, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். நான் அந்த "மகன்" கட்சி.

"நானும் இப்படித்தான் இருந்தேன்" என்று இரண்டு வருடம் நானும் தடுத்தேன். மகளுக்கு, மகனுக்கு இல்லை. என் மகள் ஓடவில்லை, ஆடவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவ்வளவுதான். பையன் ஆடினால் 'துறுதுறு', 'வால்', 'சுட்டி' என்று எத்தனை செல்லப் பெயர். பெண் இப்படி இருந்தால் 'மந்தம்', 'மறதிக்காரி', 'சோம்பேறி'. யாருக்கும் தொந்தரவு கொடுக்காததால் யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லவும் இல்லை. கண்டுபிடிக்கவே 11 வயது ஆகிவிட்டது.

நான் தடுத்ததற்குக் காரணம் மருந்து இல்லை. அவளுக்கு இது ஒரு குறை என்றால் எனக்கும் அது குறைதான். மருத்துவர் ஒவ்வொரு அறிகுறியாகப் படிக்கப் படிக்க, நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்தது. சாவி, பணம் கட்டும் தேதி, பாதியில் நின்ற மூன்று படிப்பு. "கெட்டா போய்விட்டேன்?" என்று கேட்பவரிடம், ஆமாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் கேட்கிறோம். என் மனைவிக்கு மட்டும் உண்மையான பதில் தெரியும்.

இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்தால் ஏடிஹெச்டியின் மரபுப் பங்கு சுமார் 74 சதவீதம் வருகிறது. இதைப் படித்த அன்று நானும் நேரம் வாங்கினேன். எனக்கும் அதுதான்.

ஒற்றைச்சிறகு

தனியாக மகனை வளர்க்கிறேன். என் வீட்டில் முடிவெடுக்க மாமியாரும் இல்லை, பெரியண்ணனும் இல்லை. பொறாமைப்படாதீர்கள். அதற்குப் பதிலாக ஊரே இருக்கிறது.

கொடுக்காமல் இருந்தபோது அலட்சியமான அம்மா. கொடுத்தபோது சுலப வழி தேடிய அம்மா. வேலை முடிந்து களைத்து வருகிறேன், அதனால் பிள்ளையை மாத்திரை போட்டு அடக்கிவிட்டேனாம். இரண்டு பெற்றோர் இருக்கிற வீட்டில் இதே மாத்திரைக்குப் பெயர் 'சிகிச்சை'.

கண்ணாடி வாங்கிக்கொடுத்தபோது என்னை யாரும் சுலப வழி தேடினாய் என்று சொல்லவில்லை.

பழைய பேனா

கண்ணாடி உவமை எனக்கு எப்போதும் உறுத்தும். கண்ணாடி போட்டால் பசி குறையாது. தூக்கம் கெடாது. கண்ணாடியைப் பூட்டி வைக்க வேண்டியதில்லை. மருந்தை மருந்து என்றே சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

மற்றபடி ஒற்றைச்சிறகு சொன்னது எனக்கு வலித்தது. "சுலப வழி" என்ற சொல்லை நானும் பயன்படுத்தியிருக்கிறேன், இந்தத் தளத்திலேயே.

மருந்துக்கட்டு

பூட்டி வைக்கத்தான் வேண்டும், பழைய பேனா சொல்வது சரி. பெரிய பிள்ளைகளிடம் நண்பர்களே கேட்டு வாங்குவது நடக்கிறது. கட்டுப்பாடு அதற்காகத்தான். ஆனால் "கொடுத்தால் நாளைக்குப் போதைக்குப் போவான்" என்று பெற்றோர் கேட்பது வேறு கேள்வி. 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013 ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், சின்ன வயதில் இந்த மருந்து எடுத்தது பிற்காலப் போதைப் பழக்கத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஒரே வகை மருந்தை நாட்டுக்கு நாடு எப்படிப் பார்க்கிறார்கள் என்பது சுவாரஸ்யமானது. ஜப்பானில் போருக்குப் பிறகு மெத்தாம்ஃபெட்டமின் பழக்கம் தலைவிரித்தாடியது, 1951 இல் கடுமையான சட்டம் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் அமெரிக்காவில் பிள்ளைகளுக்கு எழுதுகிற அடரால் என்ற ஆம்ஃபெட்டமின் மாத்திரையை அந்த நாட்டுக்குள் கொண்டுபோகக்கூட முடியாது. பிரான்ஸில் உளப்பகுப்பாய்வு மரபு வலுவாக இருந்ததால், பிள்ளையின் ஆட்டத்துக்குக் காரணத்தைக் குடும்பத்துக்குள் தேடுவதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்தது. அங்கே 2021 வரை மெத்தில்ஃபெனிடேட்டின் முதல் சீட்டை மருத்துவமனை நிபுணர்தான் எழுத முடியும். ஐஸ்லாந்தோ தலைக்கு இத்தனை என்று கணக்குப் பார்த்தால் இந்த மருந்தை உலகிலேயே மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்று. மூளைகள் அப்படி எல்லைக்கு எல்லை மாறுமா என்ன? ஒவ்வொரு சமூகமும் எதைக் கண்டு ஒருமுறை சூடுபட்டதோ அதைத்தான் பயப்படுகிறது.

1944 இல் மெத்தில்ஃபெனிடேட்டை முதலில் தயாரித்தவர் லியாண்ட்ரோ பானிசோன் என்ற வேதியியலாளர். மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. டென்னிஸ் ஆடப் போகும் முன் ரீட்டா இதைச் சாப்பிட்டுப் பார்த்ததாகக் கதை, அதனால்தான் ரிட்டலின் என்று அதற்கு வணிகப் பெயர் வந்தது. ஆகவே அந்தத் தாத்தாவின் கேள்வி அவ்வளவு தப்பில்லை.

மறைந்திருந்தவன்

எனக்கு 26 வயது. சின்ன வயதில் நானும் எடுத்தேன். எனக்கே தெரியாமல்.

அம்மா அதைச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தார். அப்பா வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. "இது உடம்புக்கு நல்லது, யாரிடமும் சொல்லாதே." உடம்புக்கு நல்லது என்றால் ஏன் சொல்லக்கூடாது என்று எட்டு வயதிலேயே தோன்றியது, ஆனால் கேட்கவில்லை. 13 வயதில் அலமாரிக்குப் பின்னால் உண்மையான அட்டை கிடைத்தது. பெயரைத் தேடிப் படித்தேன்.

கோபம் மருந்து மேல் வரவில்லை. அதுவரை வாங்கிய மதிப்பெண், பரிசு எல்லாம் என்னுடையதா, மாத்திரையுடையதா என்று தெரியாமல் போய்விட்டது. யாராவது முன்பே உட்கார வைத்து, இது கவனத்தைப் பிடித்து வைக்க உதவும், படிப்பது நீதான் என்று சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. அம்மா பயந்தது சொந்தக்காரர்களுக்கு. அந்தப் பயம் டப்பா மாறி என்னிடம் வந்துவிட்டது.

பிடிவாதமாக மூன்று வருடம் நிறுத்தினேன். கல்லூரியில் தோற்ற பிறகு நானே போய்க் கேட்டு மறுபடி ஆரம்பித்தேன். இப்போது எடுக்காத நாளும் உண்டு, மருத்துவருக்குத் தெரியும்.

மழைக்குருவி அக்கா, கொடுப்பதோ கொடுக்காததோ உங்கள் இஷ்டம். டப்பாவை மட்டும் மாற்றாதீர்கள்.

மழைக்குருவி

நான்கு நாளாக இந்த இழையைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

மறைந்திருந்தவன் தம்பி, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஏற்கெனவே ஒரு சத்து மாத்திரை டப்பாவைக் காலி செய்து கழுவிக் காயவைத்திருந்தேன். உங்கள் பதிவைப் படித்த இரவு அதைக் குப்பையில் போட்டேன்.

அத்தை, நீங்கள் சொன்னபடி செய்தேன். மாமியாரிடம், "இவர் சின்ன வயதில் எப்படி?" என்று மட்டும் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். கணவரை ஒரு பள்ளியில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்களாம். எனக்குத் திருமணமாகிப் பத்து வருடமாகிறது, இதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். கணவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என்பது கடைசியில்தான் தெரிந்தது. எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

அடுத்த சந்திப்புக்கு அவரும் வருகிறார். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன்: வகுப்பில் பார்த்ததை எழுத்தில் தாருங்கள், மருந்தைப் பற்றி நாங்களும் மருத்துவரும் பேசிக்கொள்கிறோம். கணக்குவாத்தியார் சார், வாசகம் உங்களுடையது, திருடிவிட்டேன்.

கணக்குவாத்தியார்

தாராளமாக. பதில் வந்ததா?

மழைக்குருவி

வந்தது. இரண்டு வரி. அழைப்பு நின்றுவிட்டது, அதுவே போதும்.

*(ஐந்து வாரம் கழித்து)*

மழைக்குருவி

என்ன ஆனது என்று மூன்று பேர் தனிமடலில் கேட்டீர்கள். இங்கேயே எழுதுகிறேன்.

பழைய சீட்டு காலாவதி ஆகியிருந்தது. மருந்துக்கட்டு சார் வாய் முகூர்த்தம். புதிதாக எழுதும்போது மருத்துவர் முதல் முறையாக மகனைப் பார்த்து, "உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். அவன் யோசித்துவிட்டு, "இதைச் சாப்பிட்டால் நான் சிரிக்க வைக்க மாட்டேனா?" என்றான். வகுப்பில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன் அவன். அவனிடம் இருக்கிற ஒரே பதவி அது. பைத்தியம், போதை, ஊர், உறவு என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதக்கணக்காகப் பயந்தோம், இந்தப் பயம் எங்கள் யாருடைய பட்டியலிலும் இல்லை.

மருத்துவர் ஏமாற்றவில்லை. "மாட்டாய் என்று நினைக்கிறேன். ஆனால் உனக்கு அப்படித் தோன்றினால் எங்களிடம் சொல், அளவை மாற்றுவோம், இல்லையென்றால் வேறு மருந்து பார்ப்போம், நிறுத்தியும் பார்க்கலாம்" என்றார். அவன் ஒப்புக்கொண்டான். கணவர் வெளியே வந்து, தனக்கும் ஒரு நேரம் கேட்டு வாங்கினார். இரண்டாமவன், உங்கள் பதிவை அவர் படித்திருக்கிறார்.

மூன்று வாரமாகக் கொடுக்கிறோம். மாயம் ஒன்றும் நடக்கவில்லை. எழுதத் தொடங்கினால் பக்கத்தின் பாதி வரை போகிறான். போன வாரம் பள்ளியிலிருந்து சிரித்துக்கொண்டே வந்து ஒரு ஜோக் சொன்னான். முன்பு நடுவில் மறந்துவிடுவான், இந்த முறை கடைசி வரை சொன்னான். ஜோக் சுமார்தான்.

அட்டை, மாமனாரின் இரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்தில், அதே பூட்டிய அலமாரியில், அதன் பெயரோடேயே இருக்கிறது. மாமியார் இன்னும் "அந்த மாத்திரை" என்றுதான் சொல்கிறார். ஆனால் பசி குறையுமாமே என்று, அதைப் போடுவதற்கு முன்பே வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிடுகிறார். அக்கா மட்டும் பேசுவதில்லை. அதை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

ஒரு கேள்வி. மாலை ஐந்து மணிவாக்கில் காரணமே இல்லாமல் அழுகிறான், முக்கால் மணி நேரம். அப்புறம் சரியாகிவிடுகிறான். உங்கள் வீட்டில் இப்படி இருந்ததா?

இரவுப்பணி

மருந்தின் வேலை முடிந்து இறங்குகிற நேரமாக இருக்கலாம், பலருக்கு வரும். எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு அழுதான், அன்று மதியம் சாப்பிட்டானா என்று ஒரு வாரம் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். நேரத்தையோ மருந்தின் வகையையோ மாற்றிப் பார்ப்பார். நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அந்த முக்கால் மணி நேரத்தில் வீட்டுப்பாடம் எடுக்காதீர்கள்.

ஒற்றைச்சிறகு

என் மகனுக்கும் இருந்தது, நாலரை மணிக்கு. அந்த நேரத்தில் இருவரும் எதுவும் பேசாமல் நடக்கப் போவோம். மருந்து வகையை மாற்றிய பிறகு அழுகை நின்றது, நடை நிற்கவில்லை.

பழைய பேனா

அந்த ஜோக்கையும் எழுதியிருக்கலாம்.